"ஃபாஸ்டிங்கா?" "ஓம், நோன்புதான்!"

 

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமழானில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இம்முறை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன். ஒரேயொரு ஆங்கிலச் சொல்லால் வந்த வினை அது.

எனது ராத்தாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம் உண்டு. மாத்திரையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் அதை ஓரளவு அடக்கி வைத்திருந்தார். டொக்டரின் அனுமதியோடுதான் நோன்பும் பிடித்து வந்தார். அந்த வருடம் அவரது வழமையான இரத்தப் பரிசோதனைக்குரிய திகதி ரமழானுக்குள் வந்து விட்டது. "வெறும் வயிற்றோடு வரச் சொல்லித்தானே துண்டில் எழுதியிருக்கிறது. நோன்போடு போனால் இன்னும் நல்லதுதானே" என்று எண்ணியவராக ராத்தா புறப்பட்டார்.

அன்று சஹருக்குச் சோறும் ஆணமும் சாப்பிட்டு, ஒரு வாழைப்பழமும் உண்டு, பால் தேநீரும் குடித்து 4.45 மணிக்கு நிய்யத் வைத்திருந்தார். காலை 8 மணிக்கெல்லாம் ஆய்வுகூடத்தில் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தி, "ஃபாஸ்டிங்கா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள், நோன்புதான். இதுவரைக்கும் ஒன்றும் விடவில்லை" என்றார் ராத்தா சந்தோஷத்தோடு.

அந்தப் பிள்ளை துண்டில் அடையாளமிட்டாள். இரத்தம் எடுக்கப்பட்டது. அறிக்கையில் சீனியின் அளவு 190 என்று வந்தது. டொக்டர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். இரவு முழுவதும் ஒன்றும் சாப்பிடாத ஒருவருக்கு 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே அது நீரிழிவுக்குரிய அளவு. "வெறும் வயிற்றிலேயே இவ்வளவா?" என்று கூறி மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின், நோன்பு திறப்பதற்குப் பலகாரம் செய்ய மாப் பிசைந்து கொண்டிருந்த ராத்தாவின் கை நடுங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. பேச்சுக் குழறியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து தமது சிறிய கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் சீனியின் அளவு 54! 70 க்குக் கீழே இறங்கினாலே உடனடியாக நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. "இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தானே இருக்கிறது" என்று ராத்தா வாயை மூடிக்கொண்டார். மகள்தான் அழுது கெஞ்சிச் சீனித் தண்ணீரைப் பருக்கினாள். அல்ஹம்துலில்லாஹ், கொஞ்ச நேரத்தில் தெளிந்து விட்டார்.

யார் மீது குற்றம்?

சகோதரிகளே! இதில் பொய் சொன்னவர் எவருமில்லை. அந்தப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். ராத்தா உண்மையைத்தான் சொன்னார். டொக்டர் அறிக்கையில் இருந்ததைத்தான் நம்பினார். ஆனால், அந்தப் பிள்ளையின் 'ஃபாஸ்டிங்' என்பதற்குக் கடைசியாகச் சாப்பிட்டு ஆகக் குறைந்தது எட்டு மணித்தியாலமாவது கடந்திருக்க வேண்டும் என்று பொருள். ராத்தாவின் 'நோன்பு' என்பதற்கு சுபஹிலிருந்து ஒன்றும் உட்கொள்ளவில்லை என்று பொருள். ராத்தா சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் சொச்சம்தான் ஆகியிருந்தது. சாப்பிட்ட சாப்பாட்டின் சீனிதான் அந்த 190 இல் நின்றது.

ஒரு சொல், இரு பொருள், நடுவில் ஓர் உயிர்!

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் 'ஃபாஸ்ட்' என்ற அந்தச் சின்னஞ்சிறு சொல்லை அகராதியில் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். அரபு படித்த எனக்கு ஆங்கிலம் பிற்காலத்தில் வந்தது. பிற்காலத்தில் படிப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மற்றவர்கள் பழகிப்போய்க் கவனிக்காமல் விடுவது நமக்கு ஆச்சரியமாகத் தெரியும்.

வீட்டுக்குள்ளே எத்தனை 'ஃபாஸ்ட்'!

சிறிய சொற்களுக்குத்தான் ஆங்கிலத்தில் பொருள்கள் அதிகம். 1989 இல் 20 பாகங்களாக வெளிவந்த ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்தது 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள்கள். அதனோடு ஒப்பிட்டால் 'ஃபாஸ்ட்' சிறியதுதான். ஆனால் அது செய்யும் விளையாட்டு வேறு.

உங்கள் வீட்டிலேயே பாருங்கள். கிரிக்கெட் பார்க்கும் மகன், லசித் மாலிங்க ஒரு ஃபாஸ்ட் போலராக இருந்தவர் என்கிறான். அங்கே அதன் பொருள் வேகம். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் ஃபாஸ்ட் என்கிறோம். அங்கே அது சரியான நேரத்தைத் தாண்டி முன்னுக்கு நிற்கிறது என்று பொருள். துணிக்கடைக்காரர் "இது ஃபாஸ்ட் கலர்" என்கிறார். நிறம் சீக்கிரம் போய்விடும் என்றா சொல்கிறார்? இல்லை. துவைத்தாலும் போகாது, நூலை இறுகப் பிடித்திருக்கிறது என்கிறார். ஆங்கிலத்தில் ஒரு குழந்தை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அது அவசரமாகத் தூங்கவில்லை. அசைத்தாலும் எழும்பாத ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறது.

உம்ராவுக்கு விமானத்தில் சென்ற சகோதரிகள், இருக்கைக்கு முன்னால் 'ஃபாஸ்டன்' என்று எழுதியிருந்ததைக் கண்டிருப்பீர்கள். பட்டியைப் பூட்டி இறுக்குங்கள் என்பது அதன் பொருள். அந்த 'ஃபாஸ்டன்' பிறந்ததும் இதே 'ஃபாஸ்ட்' இலிருந்துதான். காலைச் சாப்பாட்டுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்' என்கிறோமே, அதைப் பிரித்துப் பாருங்கள். 'பிரேக்' என்றால் முறித்தல், 'ஃபாஸ்ட்' என்றால் உண்ணாதிருத்தல். இரவு முழுவதும் இருந்த பட்டினியை முறிப்பதுதான் பிரேக்ஃபாஸ்ட். ஆங்கிலேயர் இச்சொல்லை 15 ஆம் நூற்றாண்டிலிருந்தே பாவித்து வருகின்றனர். கடையில் அவசரமாக வாங்கித் தின்னும் 'ஃபாஸ்ட் ஃபூட்' என்பதிலும் அதே எழுத்துக்கள்தான் உள்ளன. உண்ணாமையைச் சொல்லும் அதே சொல் உணவுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது!

படகோட்டியை நினைத்துப் பாருங்கள். கடலில் விரைந்து செல்லும் படகும் ஃபாஸ்ட். கரையில் கயிற்றால் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும் படகும் ஃபாஸ்ட். ஓடுவதற்கும் ஒரே சொல், ஓடாமல் நிற்பதற்கும் அதே சொல். இது எப்படி வந்தது?

வேர் ஒன்று

இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள் வேகமும் அல்ல, பட்டினியும் அல்ல. உறுதி என்பதே அதன் முதற் பொருள். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இறுக்கமாக, அசையாமல், பலமாகப் பிடிக்கப்பட்டது எதுவோ அதுவே 'ஃபாஸ்ட்'. இன்றும் ஜேர்மன் மொழியில் 'ஃபெஸ்ட்' என்றால் உறுதியானது என்றுதான் பொருள்.

அந்த ஒரு வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒரு வேலையை உறுதியாகச் செய்வதென்றால் பலத்தோடு, விடாமல் செய்வது. பலத்தோடு விடாமல் ஓடுகிறவன் என்ன செய்வான்? விரைவாக ஓடுவான். இப்படி 'பலமாக' என்பது மெல்ல மெல்ல 'வேகமாக' என்று மாறியது. அது ஒரு கிளை.

மற்றக் கிளை வணக்கத்தோடு சம்பந்தப்பட்டது. ஒரு கட்டளையை உறுதியாகப் பிடித்துக்கொள்வது, அதைப் பேணி நடப்பது என்ற பொருளிலிருந்து, மார்க்கக் கடமையாக உணவைத் தவிர்த்துக்கொள்வது என்ற பொருள் வந்தது. ஆங்கிலத்துக்கு உறவான கோதிக் மொழியில் நான்காம் நூற்றாண்டில் பைபிள் மொழிபெயர்க்கப்பட்டது. அதில் 'பேணிக் காத்தல்' என்பதற்கும் 'நோன்பிருத்தல்' என்பதற்கும் ஒரே சொல்தான் பாவிக்கப்பட்டுள்ளது. நாங்கள் தமிழில் 'நோன்பு பிடித்தல்' என்று சொல்கிறோம் அல்லவா? அந்தப் 'பிடித்தல்' ஆங்கிலச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது!

தெரியாமல் பொருள் கொண்டால்...

என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தகப்பனார் ஒருநாள் முகம் வெளுத்துப்போய் வந்தார். அவருடைய தாயாருக்கு நீண்ட நாள் இருமல். சளியைப் பரிசோதித்த அறிக்கையில் 'ஆசிட் ஃபாஸ்ட்' என்று எழுதியிருந்தது. "ஹஸரத், இந்தக் கிருமி ஃபாஸ்டாகப் பரவுமாம். பிள்ளைகளை எல்லாம் மச்சினி வீட்டுக்கு அனுப்பி விட்டோம். உம்மாவின் கோப்பை, பாய், தலையணை எல்லாவற்றையும் எரித்துவிடப் போகிறோம்" என்றார்.

அது கசநோய்க் கிருமி. 1882 இல் ரொபர்ட் கோக் என்ற ஜேர்மன் அறிஞர் கண்டுபிடித்தது. அந்தக் கிருமியின் மேலுறை மெழுகு போன்றது. ஆய்வுகூடத்தில் அதற்கு ஒரு சாயத்தை ஏற்றிய பின் அமிலத்தால் கழுவினாலும் சாயம் போகாது. துணிக்கடைக்காரரின் 'ஃபாஸ்ட் கலர்' போலவேதான். அமிலத்துக்கும் அசையாமல் சாயத்தைப் பிடித்துக்கொள்வதால் 'ஆசிட் ஃபாஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கும் பரவும் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கசநோய் ஒருவரின் இருமலால் காற்றின் மூலம் மற்றவருக்குத் தொற்றக்கூடியது என்பது உண்மை. ஆகவே கவனம் வேண்டும், வீட்டாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கோப்பையாலும் பாயாலும் அது தொற்றுவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதம் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் குணமாகும் நோய் அது. நமது நாட்டில் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அந்த மருந்தை இலவசமாகவே தருகிறார்கள். இவற்றையெல்லாம் அங்குள்ள டொக்டரிடமே கேட்டுத் தெளிவு பெறும்படி அவரை அனுப்பி வைத்தேன். அந்தத் தாய்க்கு நோயைவிடப் பெரிய வேதனை, பேரப்பிள்ளைகள் தன்னை விட்டு ஓடியதுதான். ஒரு சொல்லைத் தப்பாக விளங்கியதன் விலை அது.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் அவசரத்தில் சேர்ந்த கூட்டாளிகள் அல்லர், பிரியாத நண்பர்கள். ஆனால் ஒரு பெண்பிள்ளையை 'ஃபாஸ்ட்' என்றால் அது கெட்டிக்காரி என்ற பாராட்டும் அல்ல. ஒழுக்கம் தளர்ந்தவள் என்ற பழிச்சொல்லாகவும் அது ஆங்கிலத்தில் வழங்கி வந்திருக்கிறது. "எங்கள் மகள் நல்ல ஃபாஸ்ட்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்லப்போகும் தாய்மார் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்!

அரபு மத்ரஸாவில் கற்ற பாடம்

பல பொருள் தரும் ஒரு சொல்லை உஸூலுல் பிக்ஹ் கலையில் 'முஷ்தரக்' என்று அழைப்பார்கள். எங்கள் உஸ்தாத்மார் அதற்கு முதல் உதாரணமாகச் சொல்வது 'அய்ன்' என்ற சொல்லை. கண்ணும் அய்ன், நீரூற்றும் அய்ன், ஒற்றனும் அய்ன். எந்தப் பொருள் என்பதைச் சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் சூழலையும் அடையாளத்தையும், அதாவது 'கரீனா'வையும் பார்க்க வேண்டும்.

இது வெறும் இலக்கணப் பாடமல்ல. தலாக் சொல்லப்பட்ட பெண் காத்திருக்க வேண்டிய இத்தாவின் கணக்கை ஸூரா அல்பகராவின் 228 ஆவது வசனம் மூன்று 'குர்உ' என்று கூறுகின்றது. அரபியில் குர்உ என்பது மாதவிடாயையும் குறிக்கும், இரு மாதவிடாய்களுக்கு இடையிலுள்ள சுத்தத்தையும் குறிக்கும். ஷாபிஈ மத்ஹபில் அது மூன்று சுத்தங்கள் என்றும், ஹனபி மத்ஹபில் மூன்று மாதவிடாய்கள் என்றும் கொள்ளப்படுகின்றது. ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்து ஒரு பெண்ணின் இத்தா நாட்கள் கூடிக் குறைகின்றன. அதனால்தான் நமது இமாம்கள் ஒரு சொல்லுக்காக எவ்வளவோ ஆராய்ந்தார்கள். அவர்களைப் படித்து விட்டு வந்த நாங்கள் ஆய்வுகூட மேசையில் ஒரு சொல்லுக்குச் சட்டென்று "ஓம்" என்று சொல்லலாமா?

'நோன்பு' என்ற நமது சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் 'ஸவ்ம்' என்பதன் அடிப்படைப் பொருள் தடுத்துக்கொள்ளுதல். ஓடாமலும் மேயாமலும் நின்றுவிட்ட குதிரையைக்கூட அரபிகள் 'ஸாயிம்' என்றார்கள். மர்யம் (அலை) அவர்கள் நேர்ந்த ஸவ்ம், மனிதர்களோடு பேசாதிருந்த மௌனம் என்பதை ஸூரா மர்யமில் காண்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேர் இறுகப் பிடித்தல். அரபுச் சொல்லின் வேர் தடுத்து நிறுத்தல். இரண்டு மொழியும் பசியை வேராகக் கொள்ளவில்லை. தன்னைத் தானே பிடித்து நிறுத்துவதைத்தான் சொல்கின்றன.

இனி என்ன செய்யலாம்?

சகோதரிகளே! வைத்தியத் துண்டில் உள்ள 'ஃபாஸ்டிங்' வேறு, நமது நோன்பு வேறு என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நமது நோன்பின் கணக்கு சுபஹிலிருந்து தொடங்குகின்றது. அவர்களது கணக்கு கடைசிக் கவளத்திலிருந்து தொடங்குகின்றது. சீனிப் பரிசோதனைக்கு ஆகக் குறைந்தது எட்டு மணித்தியாலம் உணவின்றி இருக்க வேண்டும். சில பரிசோதனைகளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை கேட்பார்கள்.

நமது நோன்பில் தண்ணீரும் கூடாது. அவர்களது ஃபாஸ்டிங்கில் பொதுவாக வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரமழான் அல்லாத நாட்களில், ஃபாஸ்டிங் என்பதை நோன்பு என்று நினைத்து ஒரு மிடறு தண்ணீர் கூட இல்லாமல் போய், நாடி கிடைக்காமல் கையில் நாலைந்து இடத்தில் குத்து வாங்கி வரும் தாய்மார் உண்டு. தேநீர் வேறு விடயம். சீனியும் பாலும் போட்ட தேநீர் உணவோடு சேர்ந்தது.

ரமழானில் பரிசோதனைத் திகதி வந்தால் முதலில் டொக்டரிடமே கேளுங்கள். திகதியை மாற்றலாம், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் 'எச்பிஏவன்சி' பரிசோதனை பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் ரமழானுக்கு முன்பே டொக்டரோடு கதைத்து ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை வெட்கப்படுவதற்குரியதல்ல. நடுக்கமும் வியர்வையும் வந்த பின்னும் மக்ரிப் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது தக்வா என்று எண்ணி விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஃபாஸ்டிங்கா?" என்று கேட்டால் "ஓம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குக் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மணிக்கு ஒரு பொருள்தான் உண்டு.

எனது ராத்தா இன்று அப்படித்தான் செய்கிறார். சென்ற முறை நானும் கூடப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் வேறொரு பிள்ளை. அதே கேள்வி. ராத்தா முந்தானையைச் சரி செய்துகொண்டு, "மகள், நேற்று இரவு எட்டரைக்கு இரண்டு இடியப்பம் சாப்பிட்டேன். விடிய ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் குடித்தேன். இது ஃபாஸ்டிங்கா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். அந்தப் பிள்ளை சிரித்து விட்டாள். "எல்லோரும் இப்படிச் சொன்னால் எங்களுக்கு எவ்வளவு லேசு" என்றாள்.

சொல்லைக் கேட்டதும் பதிலை அவசரமாகச் சொல்வது ஒரு ஃபாஸ்ட். பொருளை உறுதியாகப் பிடித்த பின் சொல்வது இன்னொரு ஃபாஸ்ட். நாம் இரண்டாவதைத் தெரிவு செய்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல விளக்கத்தையும் நோயற்ற வாழ்வையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.